சர்வர் கத்தினால் சந்தோஷப்படுங்கள்

"ஓடிட்டு இருக்கிற சர்வர்ல கை வைக்காதே." ப்ராஜெக்ட் லேப்புக்குள்ள காலடி வெச்ச நாள்ல இருந்து இந்த அறிவுரையைக் கேட்டுட்டு இருக்கேன். சீனியர் சொல்வார், லேப் அசிஸ்டன்ட் அண்ணா சொல்வார், வேலைக்குப் போன பிறகும் அண்ணன்கள் வாட்ஸ்அப்ல வந்து சொல்வாங்க. ஏன்னு கேட்டா எல்லார்கிட்டயும் ஒரு கதை இருக்கும். அப்கிரேடு பண்ணினோம், ரீபூட் பண்ணினோம், உள்ளே போய்ப் பார்த்தா நேத்து வரைக்கும் ஓடின கட்டளை இன்னைக்கு "கமாண்ட் நாட் ஃபவுண்ட்"னு சொல்லுது. அத்தோட பயம் பிடிச்சுக்கிட்டு மூணு வருஷம் அந்த மெஷின் பக்கமே யாரும் போகலை.

அந்தப் பயம் தப்பான இடத்துல இருக்கு என்பதுதான் என் வாதம். கட்டளையைக் காணோம்னு கத்துற சர்வர் நல்ல சர்வர். பயப்பட வேண்டியது, கத்தியும் யார் காதுலயும் விழாத சர்வரைப் பார்த்து.

(ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். நம்ம இதழ்ல எல்லாமே தமிழ் எழுத்துலதான் வரணும்னு எடிட்டர் கண்டிப்பா சொல்லிட்டார். அதனால கட்டளைகளையும் தமிழ்லயே எழுதியிருக்கேன். டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிச்சுக்கோங்க மக்களே.)

முதல்ல அந்த எரர் மெசேஜ். நான் எல்.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியம். ஆனா இந்த எரரோட அர்த்தம் எனக்குத் தமிழ்லதான் சரியாப் புரிஞ்சது. நம்ம மொழியில "இல்லை" வேற, "காணோம்" வேற. வீட்டுல கத்தரிக்கோலைக் காணோம்னு சொன்னா அம்மா என்ன கேப்பாங்க? "எங்க தேடினே? நான் வந்து எடுத்துக் கொடுத்தா என்ன பண்றே?" கட்டளை "நாட் ஃபவுண்ட்"னு பாஷ் சொல்றதும் அந்தக் காணோம்தான். அந்தப் பெயர்ல ஒரு ப்ரோகிராம் உலகத்துலயே இல்லைன்னு அது சொல்லலை. பாத் அப்படிங்கிற வேரியபிள்ல இருக்கிற ஃபோல்டர்களை வரிசையா ஒவ்வொண்ணாப் பார்த்தேன், அங்க எங்கயும் கிடைக்கலைன்னு சொல்லுது. அதனால கேக்க வேண்டிய முதல் கேள்வி, நீ எங்க தேடினே?

இதுக்கு நல்ல உதாரணம் டெபியன் 10. 2019-ல வந்தது. அதுக்கு முன்னாடி சாதா யூசரா இருந்துக்கிட்டு "எஸ்யூ"ன்னு மட்டும் அடிச்சு ரூட் ஆனா, ரூட்டோட பாத்தும் கூடவே வந்துடும். டெபியன் 10-ல எஸ்யூ கட்டளை வேற பேக்கேஜ்ல இருந்து வர ஆரம்பிச்சது. அதுல ஆள் மட்டும்தான் மாறுவார், பாத் பழைய யூசரோடதே இருக்கும். சாதா யூசரோட பாத்ல எஸ்பின் ஃபோல்டர் கிடையாது. விளைவு, யூசர்ஆட் காணோம், ரீபூட் காணோம், டிபிகேஜி வந்து எல்டிகான்ஃபிக் கிடைக்கலைன்னு அழும். சிஸ்டமே உடைஞ்சு போச்சுன்னு நினைச்சு முழுசா ரீ-இன்ஸ்டால் பண்ணினவங்களை எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தேவைப்பட்டது எஸ்யூவுக்குப் பின்னாடி ஒரு ஸ்பேஸும் ஒரு சின்னக் கோடும். ஒரே ஒரு ஹைஃபன்! அதைப் போட்டா முழு ரூட் லாகின், பாத்தும் சேர்ந்து வரும். இந்த மாற்றம் டெபியனோட டாக்குமெண்டேஷன்லயே எழுதியிருக்கு. நம்மள்ல யாரும் அதைப் படிக்கிறதில்லை, அது வேற கதை.

இன்னொரு வகை, வேற பேக்கேஜுக்குப் போயிட்ட கட்டளை. நம்ம நெட்வொர்க்ஸ் லேப் ரெக்கார்டுல இன்னும் முதல் எக்ஸர்சைஸ் இஃப்கான்ஃபிக்தான். டெபியன் 9-ல, அதாவது 2017-லயே, அது இருக்கிற நெட்-டூல்ஸ் பேக்கேஜ் தானா இன்ஸ்டால் ஆகிறது நின்னு போச்சு. அதுக்குப் பதிலா ஐபி கட்டளை இருக்கு. புது உபுண்டு போட்ட லேப்ல இஃப்கான்ஃபிக் காணோம்னதும் நெட்வொர்க் கார்டு போச்சுன்னு முடிவு பண்ணி கேபிளைக் கழட்டி மாட்டின காட்சி வருஷா வருஷம் நடக்குது. பைதான் கதையும் இதேதான். உபுண்டு 20.04-ல வெறும் "பைதான்"னு அடிச்சா கிடைக்காது, "பைதான்3"னு அடிக்கணும். பைதான் 2-ஓட ஆயுள் 2020 ஜனவரி 1-ஓட முடிஞ்சது. பழைய பெயர்தான் வேணும்னா அதுக்குன்னே "பைதான்-இஸ்-பைதான்3"ன்னு ஒரு பேக்கேஜ் கொடுத்திருக்காங்க. பெயரைப் பாருங்க, வைவா பதில் மாதிரியே இருக்கு.

இது எல்லாத்தையும் விட ஆளைக் குழப்பறது, கண்ணெதிரே ஃபைல் இருக்கும்போதே "நோ சச் ஃபைல்"னு வர்றது. எல்எஸ் அடிச்சா ஃபைல் தெரியுது. பர்மிஷன் சரியா இருக்கு. ஓட்டினா அப்படி ஒரு ஃபைலே இல்லைங்குது. இங்க காணாமல் போனது அந்த ஃபைல் இல்லை. அதோட முதல் வரியில, இதை இன்னார் வெச்சு ஓட்டுன்னு எழுதியிருக்குமே, அந்த இன்னாரைத்தான் காணோம். வெர்ச்சுவல் என்வைரன்மெண்ட்ல ஓடுற பைதான் அப்ளிகேஷன்கள்ல இதோட தம்பி ஒருத்தன் இருக்கான். உபுண்டு 22.04-ல பைதான் 3.10, 24.04-ல 3.12. என்வைரன்மெண்டுக்குள்ள லைப்ரரி எல்லாம் உட்கார்ந்திருக்கிற ஃபோல்டர் பெயர்லயே 3.10னு இருக்கும். ஓஎஸ்ஸை ஏத்தினதும் புது பைதான் வந்து 3.12-னு பெயர் வெச்ச ஃபோல்டரைத் தேடும். வீட்டுக்காரர் மாறிட்டார், பழைய சாவி பழைய பூட்டுக்குத்தான். இதை ஒட்டுப் போட்டுச் சரி பண்ண உட்கார்ந்தா ராத்திரி முழுக்கப் போயிடும். அழிச்சுட்டுப் புதுசா உருவாக்கி, ரிக்வயர்மெண்ட்ஸ் ஃபைலை வெச்சுத் திரும்ப எல்லாத்தையும் இறக்கறதுதான் வழி. அந்த ஃபைல் இல்லைன்னா, அப்கிரேடுக்கு முன்னாடி அதை எழுதி வைக்காத ஆளைத் தேடிட்டுப் போங்க.

சரி, காணோம்னு வந்தா என்ன பண்ணுவேன்? நான் பண்றதைச் சொல்றேன். முதல்ல நான் எந்த யூசர்னு பார்ப்பேன். சர்வர் சாஃப்ட்வேர் பலதும் தனக்குன்னு ஒரு யூசர் வெச்சிருக்கும், அந்த யூசரா மாறினாதான் அதோட கட்டளைகள் தெரியும். நெக்ஸ்ட்கிளவுட் மாதிரி சிலதுல ஓசிசி கட்டளை பாத்லயே இருக்காது. அது இன்ஸ்டால் ஆன ஃபோல்டர்ல கிடக்கும், வெப் சர்வரோட யூசரா மாறி பிஹெச்பி வழியா ஓட்டணும். அடுத்து பாத்தை எக்கோ பண்ணிப் பார்ப்பேன். அப்புறம் "டைப் மைனஸ் ஏ" போட்டு, பாஷ் அந்தப் பெயரை எங்கெங்க பார்க்குதுன்னு கேப்பேன். பழைய இடத்தையே ஞாபகம் வெச்சுக்கிட்டு அடம் பிடிச்சா "ஹாஷ் மைனஸ் ஆர்" அந்த ஞாபகத்தை அழிச்சுடும். அதுக்கப்புறமும் கிடைக்கலைன்னா "டிபிகேஜி மைனஸ் பெரிய எல்" போட்டு, அந்த பேக்கேஜ் இப்போ என்னென்ன ஃபைல் வெச்சிருக்குன்னு பார்ப்பேன். பாதி சமயம் பெயர் மாறினது அங்கயே தெரிஞ்சுடும். அப்கிரேடுல எது வந்தது, எது போச்சுங்கிற கணக்கு ஆப்ட்டோட ஹிஸ்டரி லாக்ல தேதியோட இருக்கும். இவ்வளவுக்கும் 10 நிமிஷம் போதும். ரீ-இன்ஸ்டால் பண்ண அரை நாள் ஆகும். ஆனா நம்ம ஆளுங்களுக்கு ரீ-இன்ஸ்டால்தான் பிடிக்கும், ஏன்னா அதுல யோசிக்க வேண்டியதில்லை.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் கத்துற வகை. மனுஷன் உட்கார்ந்து கட்டளை அடிக்கிறான், காணோம்னு உடனே தெரியுது, திட்டிக்கிட்டே தேடறான். நஷ்டம் ஒரு சாயந்திரம். ஆனா சர்வர்ல பெரும்பாலான கட்டளைகளை அடிக்கிறது மனுஷன் இல்லையே. ராத்திரி 2 மணிக்கு கிரான் அடிக்குது. அப்போ "காணோம்"னு வந்தா யார் பார்க்கறது?

எனக்குத் தெரிஞ்ச ஒரு டிபார்ட்மெண்ட் சர்வர்ல நடந்தது இது. அசைன்மெண்ட் சப்மிட் பண்றது, க்விஸ் எழுதறது எல்லாம் அதுலதான். டாக்கர்ல ஓடுது, தினமும் ராத்திரி டேட்டாபேஸை டம்ப் எடுத்து ஜிஸிப் பண்ணி வைக்க, பாஸ் அவுட் ஆன ஒரு அண்ணன் எழுதின ஸ்கிரிப்ட் இருக்கு. 30 நாளுக்கு மேல ஆன பேக்கப்பை அதே ஸ்கிரிப்ட் அழிச்சுடும், டிஸ்க் நிரம்பக் கூடாதுன்னு. அருமையான ஸ்கிரிப்ட், வருஷக்கணக்கா ஓடினது. ஒரு செம் லீவுல டேட்டாபேஸ் இமேஜைப் புது வெர்ஷனுக்கு மாத்தினாங்க. சைட் நல்லா ஓடுச்சு, யாருக்கும் எந்தப் பிரச்சனையும் இல்லை. புது இமேஜுக்குள்ள டம்ப் எடுக்கிற கட்டளையோட பெயர் மட்டும் வேறயா இருந்தது.

அடுத்த செம் நடுவுல ஒரு மேம் பழைய கோர்ஸை நீக்கப் போய், நடப்பு கோர்ஸை நீக்கிட்டாங்க. யாருக்கும் நடக்கக்கூடியதுதான், பட்டன் பக்கத்துல பட்டன். பேக்கப்ல இருந்து எடுத்துடலாம்னு ஃபோல்டரைத் திறந்தா 30 ஃபைல் வரிசையா நிக்குது, தேதி பிசகாம. ஒவ்வொண்ணும் 20 பைட்.

20 பைட்டுங்கிறது என்னன்னு தெரியுமா? வெறுமையை ஜிஸிப் பண்ணினா வர்ற அளவு. தலைப்புக்கு 10 பைட், உள்ளே ஒண்ணுமில்லைன்னு சொல்ல 2, வால் பகுதிக்கு 8. டம்ப் கட்டளை கிடைக்காம 127 என்ற எரர் நம்பரோட விழுந்தது. ஆனா பைப் போட்டு ரெண்டு கட்டளையைச் சேர்த்தா, கடைசிக் கட்டளையோட ரிசல்ட்டைத்தான் ஷெல் மொத்த ரிசல்ட்டா எடுத்துக்கும். ஜிஸிப் தன்கிட்ட வந்த வெறுமையை ஒழுங்கா மடிச்சுக் கட்டிட்டு, வேலை முடிஞ்சதுன்னு 0 கொடுத்தது. ஸ்கிரிப்டும் திருப்தியா அடுத்த வேலைக்குப் போய், 30 நாள் தாண்டின பழைய பேக்கப்பை, அதாவது நல்ல பேக்கப்பை, தினம் ஒண்ணா அழிச்சது.

எரர் மெசேஜ் வந்ததா? வந்தது, தினமும் வந்தது. கிரான் அதை மெயில் பண்ணப் பார்க்கும். அந்த மெஷின்ல மெயில் சர்வர் கிடையாது. அதனால லாக்ல ஒரு வரி இருந்தது: எம்டிஏ இன்ஸ்டால் ஆகலை, அவுட்புட்டைக் குப்பையில போடறேன். இங்கிலீஷ்ல, மரியாதையா, ஒவ்வொரு ராத்திரியும்.

தப்பிச்சது ஓரளவுக்கு. ஒரு அக்கா போன செம் முடிவுல தன் ஹார்டு டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து வெச்சிருந்தாங்க. அதுக்கு அப்புறம் செகண்ட் இயர் பசங்க சப்மிட் பண்ணினது எல்லாம் போச்சு. இன்டர்னல் மார்க் இருக்கே! லேப்டாப்ல ஃபைல் வெச்சிருந்தவங்க திரும்ப ஏத்தினாங்க. லேப் கம்ப்யூட்டர்லயே செஞ்சு ஏத்திட்டு அழிச்சவங்க, அதாவது சொந்தமா லேப்டாப் இல்லாதவங்க, ராத்திரி முழிச்சு முதல்ல இருந்து செஞ்சாங்க. இதுதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வெச்சது. சர்வர் விழுந்தா எல்லாருக்கும் ஒரே அளவுல வலிக்கும்னு நினைச்சிருந்தேன். அப்படி இல்லை.

அதுக்கப்புறம் நடந்த பஞ்சாயத்துல, அப்கிரேடு பண்ணின ஆள் மேலதான் எல்லாரும் விழுந்தாங்க. "அதான் அப்பவே சொன்னோம், தொடாதேன்னு." எனக்கு இது நியாயமாப் படலை. அப்கிரேடு பண்ணாம இருந்தா செக்யூரிட்டி ஓட்டைகளோட அது அப்படியே கிடக்கும். உபுண்டு 18.04-க்கு இலவச சப்போர்ட் 2023-லயே முடிஞ்சது. அதை இன்னும் ஓட்டற மெஷின்கள் எத்தனை லேப்ல இருக்குன்னு நீங்களே போய்ப் பாருங்க. தொடாம இருக்கிறது பாதுகாப்பு இல்லை.

அப்போ பெயரை மாத்தினவங்க மேல தப்பா? இங்கதான் என் நண்பர்களோட எனக்குச் சண்டை. பெயர் மாற்றத்துக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் மரியாடிபி. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கின மான்டி வைடினியஸ், 2009-ல அதுல இருந்து பிரிச்சு ஆரம்பிச்சது. மூத்த மகள் பெயர் மை, இளைய மகள் பெயர் மரியா, ரெண்டு டேட்டாபேஸுக்கும் பெயர் வந்தது அப்படித்தான். தொடக்கத்துல கட்டளைகள் எல்லாம் பழைய மைஎஸ்க்யூஎல் பெயர்லயே இருந்தன. 2019-ல 10.4 வரிசையில மரியாடிபி-டம்ப் மாதிரி புதுப் பெயர்களை சிம்லிங்க்கா கொண்டு வந்தாங்க. 10.5-ல தலைகீழ் ஆச்சு, புதுப் பெயர் அசல், பழைய பெயர் சிம்லிங்க். 11-ஆம் வெர்ஷன் டாக்கர் இமேஜ்ல பழைய பெயர்களை எடுத்துட்டாங்க. நாலு வருஷம் ரெண்டு பெயருக்கும் பதில் சொல்லியிருக்கு. இதுக்கு மேல என்ன பண்ணுவாங்க? மாங்கோடிபியும் பழைய மாங்கோ ஷெல்லை 5.0-ல வேண்டாம்னு அறிவிச்சுட்டு 6.0-லதான் எடுத்தது. டாக்கர்-கம்போஸ்ல நடுவுல இருந்த ஹைஃபன் போய் ஸ்பேஸ் வந்ததும் இப்படித்தான், பழசுக்கு 2023 ஜூலையோட அப்டேட் நின்னது. எல்லாரும் முன்கூட்டியே சொல்லிட்டுத்தான் எடுக்கறாங்க. ஆனா அவங்க சொல்றது ரிலீஸ் நோட்ஸ்ல. கிரான் ரிலீஸ் நோட்ஸ் படிக்காது.

அதுக்காக அவங்களை முழுசா விட்டுடவும் மாட்டேன். ரெண்டு பெயரும் வேலை செஞ்ச அந்த வருஷங்கள்ல பழைய பெயரைக் கூப்பிட்டா முனகவாவது செய்யணும். சத்தமே இல்லாம வேலை செய்யற சிம்லிங்க், கடைசி நாள் வரைக்கும் எல்லாம் நல்லா இருக்குன்னு பொய் சொல்லுது. நம்ம ஆளுங்க கண்டுபிடிக்கிற தீர்வும் அதே சிம்லிங்க்தான். "எல்என் மைனஸ் எஸ் போடு, முடிஞ்சது." ஒரு ராத்திரிக்கு ஓகே. ஆனா கன்டெய்னருக்குள்ள போட்டா, கன்டெய்னரை அடுத்த தடவை புதுசா உருவாக்கும்போது அது காணாமல் போயிடும். ஹோஸ்ட்ல போடறதா இருந்தா யூஎஸ்ஆர் லோக்கல் பின்ல போடுங்க, யூஎஸ்ஆர் பின் பேக்கேஜ் மேனேஜரோட வீடு, அங்க நம்ம சாமானை வைக்கக் கூடாது. எங்க போட்டாலும் ஸ்கிரிப்ட்ல பெயரை மாத்தற வேலை பாக்கி இருக்குன்னு எழுதி வைங்க. அதே மாதிரி இமேஜுக்குப் பின்னாடி "லேட்டஸ்ட்"னு போடறதை நிறுத்துங்க. எந்த வெர்ஷன்ல ஓடுதுன்னு தெரியாம, எந்த வெர்ஷனோட நோட்ஸைப் படிப்பீங்க?

ஸ்கிரிப்ட்ல செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தலையில பாஷ்னு போட்டு "செட் மைனஸ் ஓ பைப்ஃபெயில்" சேர்த்தா, நடுவுல எது விழுந்தாலும் மொத்தமும் விழுந்ததா ஷெல் கணக்கு எடுத்துக்கும். டம்ப் ஃபைலோட கடைசியில "டம்ப் கம்ப்ளீட்டட்"னு ஒரு வரி வரும், அது இருக்கான்னு பார்க்கலாம். புது பேக்கப் சரின்னு தெரிஞ்ச பிறகுதான் பழசை அழிக்கணும். எரர் வந்தா மனுஷன் பார்க்கிற இடத்துக்குப் போகணும், டெலிகிராம் குரூப்போ எதுவோ. கிரானோட பாத் ரொம்பச் சின்னது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். உங்க டெர்மினல்ல ஓடற கட்டளை அதுக்குக் கிடைக்காமப் போகலாம்.

"இதெல்லாம் எதுக்கு மச்சி, கிளவுட்ல காசு கட்டிட்டுப் போயிடலாமே"ன்னு ரூம்மேட் கேக்கறான். டிபார்ட்மெண்ட் கிட்ட மாசா மாசம் டாலர்ல கட்ட பட்ஜெட் இருந்தா நானும் அதையே சொல்லுவேன். இல்லை. ஓரமா கிடக்கிற பழைய டெஸ்க்டாப்பும், ஃப்ரீ சாஃப்ட்வேரும், ஆர்வமான நாலு பேரும்தான் இருக்கு. அதோட, நாலு வருஷப் படிப்புல நிஜமான யூசர்கள் நம்பியிருக்கிற ஒரு மெஷினை நாம தொடற ஒரே வாய்ப்பு இதுதான். ஓஎஸ் லேப்ல ஷெல் ஸ்கிரிப்ட்ல ஃபாக்டோரியல் எழுதறோம். ஃபிபோனாச்சி எழுதறோம். பாத்னா என்னன்னு ஒரு வைவாலயும் யாரும் என்னைக் கேட்டதில்லை. எக்ஸிட் கோடு 126-க்கும் 127-க்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் முழிப்பாங்க. (126-னா கிடைச்சது, ஆனா ஓட்ட முடியலை. 127-னா கிடைக்கவே இல்லை.) ஃபிபோனாச்சிக்குப் பதிலா, வேணும்னே உடைச்ச ஒரு விர்ச்சுவல் மெஷினைக் கொடுத்து, எந்தக் கட்டளையைக் காணோம், எங்க போச்சு, கண்டுபிடின்னு ஒரு எக்ஸர்சைஸ் வைக்கலாம். ஃபேகல்டி யாராவது இதைப் படிச்சா தயவுசெய்து யோசிச்சுப் பாருங்க, மெஷினை உடைச்சுத் தர நாங்க ரெடி.

எங்க டீம் பார்த்துக்கிற சர்வர்ல இந்த செம் டெபியன் 13 போடப் போறோம். கிரான்ல இருந்து ஓடற ஒவ்வொரு கட்டளையையும் லிஸ்ட் எடுத்து, டெஸ்ட் மெஷின்ல "கமாண்ட் மைனஸ் வி" போட்டு ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு இருக்கோம். பேக்கப்பை நிஜமாவே ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கிற வேலையும் இருக்கு. மே மாசம் நாங்க போயிடுவோம், அதுக்குள்ள ரெண்டு ஜூனியர் வேணும். லினக்ஸ் தெரிஞ்சிருக்கணும்னு இல்லை, லாக் படிக்கப் பொறுமை இருந்தா போதும். புதன்கிழமை 4 மணிக்கு மேல ப்ராஜெக்ட் லேப்ல இருப்போம்.